எந்தத் தெரு?

"மாமா, கேஸ் போடலாமா?"

என் அக்கா மகன் இப்படிக் கேட்டபோது ராத்திரி பத்து மணி இருக்கும். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, துறையூரில் மாறி, உப்பிலியபுரத்தில் வந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்திருந்தான். இன்டர்வியூவுக்கென்று கடன் சொல்லி வாங்கிய சட்டையைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தான். "சாப்பிட்டியாடா?" என்றேன். அதற்குப் பதில் இல்லை. கேஸ் போடலாமா என்பதே திரும்பவும் வந்தது.

நடந்ததை அவன் சொன்னபடி சொல்கிறேன். திருச்சியில் ஒரு தனியார் நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். இவன் எம்.காம். முதலில் எழுத்துத் தேர்வு வைத்து மார்க்குகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இவன் பெயர் முதலில் இருந்தது. சந்தோஷத்தில் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து நேர்முகம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டேலி பற்றி ஒரு கேள்வி, ஜி.எஸ்.டி. பற்றி இரண்டு கேள்வி. சொன்னான். பிறகு நடுவில் இருந்தவர் ஆரம்பித்தாராம்.

"சொந்த ஊரு எது தம்பி?"

"உப்பிலியபுரம் சார்."

"உப்பிலியபுரத்துல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னான். "ஓ, அந்தப் பக்கமா?" என்றார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் சார், கூலி வேலை. அம்மா? நாத்து நட, களையெடுக்கப் போறாங்க சார். "குலதெய்வம் எது?" அதையும் சொன்னான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்குத்தான் கவர்ன்மென்ட்ல நிறைய இருக்கே தம்பி, அதுக்கு டிரை பண்ணலையா?" அவ்வளவுதான். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

சொல்லி அனுப்பவில்லை. பதினைந்து நாள் பொறுத்து நேரில் போய்க் கேட்டபோது ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். எடுத்தது யாரை என்றால், இவனோடு ஒரே பெஞ்சில் படித்த கூட்டாளியை. நோட்டீஸ் போர்டு பட்டியலில் அவன் நாலாவது. கூட்டாளி எதையும் மறைக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவனே சொன்னானாம். "என்னையும் ஊரு கேட்டாங்கடா. துறையூருன்னேன். அங்க இன்னாரைத் தெரியுமான்னாங்க, எங்க பெரியப்பாதான்னேன். அதோட விட்டுட்டாங்க. தெருவெல்லாம் கேக்கல."

இதுதான் விஷயம். இதில் யாரும் யாரையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. அடிக்கவில்லை. 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

*

மறுநாள் விடிந்ததும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள்.

அக்கா சொன்னாள்: "வேலை போனாப் போவுது. கோர்ட்டு போலீசுன்னு புள்ள பேரு ஏறுச்சுன்னா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? கேஸ் போட்டவன்னே ஒதுக்கிடுவானுவ." இதைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. புருஷன் போன பிறகு களையெடுத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவள் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

இயக்கத் தோழர் ஒருவர் வந்தார். "விடக்கூடாது தோழர். போஸ்டர் போட்டுடுவோம். இது மொத்த சமூகத்துக்கும் நடந்த அவமானம்." ரிட்டயர்டு வாத்தியார் சொன்னார்: "தனியார்க்காரன் அவன் இஷ்டத்துக்குத்தான் எடுப்பான். அவன் முதல், அவன் கடை. இவன் பேசாம டி.என்.பி.எஸ்.சி. எழுதட்டும்." வக்கீல் நண்பர் போனிலேயே முடித்துவிட்டார்: "உள்ள இருந்த மூணு பேரும் அவங்க ஆளு. வெளிய இருக்கிற ஒரே சாட்சி அந்த வேலையை வாங்கினவன். ஜெயிக்கிற கேஸ் இல்லப்பா."

நாலு பேரும் நம்மவர்கள். நாலு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நாலு பேரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள்: இதனால் என்ன கிடைக்கும், என்ன போகும்? பையன் கேட்டது அதை மட்டுமல்ல என்று எனக்குப் பட்டது. தனக்கு நடந்தது இன்னதுதானா, அதற்குத் தான் ஏதாவது செய்தாக வேண்டுமா என்று கேட்கிறான். அதற்கு என்னாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், எனக்குச் சொந்தமாக ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1994-ல் எனக்கும் ஒரு இன்டர்வியூ நடந்தது. பி.காம். முடித்திருந்தேன். ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. பெயர் என்ன, ஊரில் எந்தப் பக்கம். பிறகு ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், என்னைப் பார்த்துக்கூட இல்லை: "இவங்களுக்குத்தான் கோட்டா இருக்கே." பதற்றத்தில் சர்ட்டிபிகேட் பைலை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்துவந்தேன். அந்த இரண்டாவது தடவை உள்ளே போனபோது யாரும் தலை நிமிரவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "என்னாச்சுய்யா?"

"நான் சரியாப் பதில் சொல்லலம்மா" என்றேன்.

அவள் மனசு நோகக் கூடாதென்று சொன்ன பொய். ஆனால் சொல்லிச் சொல்லி நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் வாசலில் நிற்கும்போதே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நிஜமாகவே பதில் வராது. முதல் தடவை பொய்யாகச் சொன்னது மூன்றாம் தடவை உண்மையாகிவிட்டது. என் தகுதியைப் பற்றிய அவர்கள் தீர்ப்பை நானே என் வாயால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

1968-ல் கீழவெண்மணி, 1997-ல் மேலவளவு. அங்கே ரத்தம் சிந்தியது, நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் போய் நிற்கிறோம். இன்டர்வியூ அறையில் நடப்பதற்குத் தழும்பு கிடையாது. பாதிக்கப்பட்டவனே 'நான் சரியாகப் பேசவில்லை' என்று சாட்சி சொல்லி எதிராளியை விடுதலை செய்துவிடுகிறான். நம்மில் எத்தனை பேர் இப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறோம் என்று கூட்டம் போட்டு எண்ணினால் தெரியும்.

*

சட்டத்தைப் பார்ப்போம். வாத்தியார் சொன்னது பாதிதான் சரி. அரசு வேலையில் சமவாய்ப்பைச் சொல்லும் 16-வது பிரிவு தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவு அரசுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. தெருவில் போகிற தனி மனிதனையும் அது கட்டுப்படுத்தும். அதன் அடிப்படையில் 1955-ல் வந்த சட்டம், 1976-ல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4-வது பிரிவில், தீண்டாமை காரணமாக ஒருவரை எந்த ஒரு வேலையிலும் சேரவிடாமல் தடுப்பது குற்றம். 12-வது பிரிவு இன்னும் முக்கியம். அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லும் செயல் ஒரு தலித்துக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லையென்று நிரூபிக்க வேண்டியது எதிராளி. இதற்குத் தண்டனை ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது அந்தச் சட்டத்திலும் குற்றமாகச் சேர்ந்தது. அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருசம் வரை. ஆக, 'அவன் கடை, அவன் இஷ்டம்' என்பது சட்டமல்ல. பழக்கம்.

ஆனால் வக்கீல் நண்பர் சொன்ன தடை பெரியது. அதற்கு உதாரணம் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்து லால்குடியிலேயே இருக்கிறது. 2021-ல் ஒரு வருவாய் ஆய்வாளர், தன் அலுவலகத்துக்குப் பட்டா விஷயமாக வந்தவர் தன்னைச் சாதி சொல்லி இழிவாகப் பேசினார் என்று புகார் கொடுத்தார். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிக் குற்றப்பத்திரிகையும் போனது. 2025 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இழிவான பேச்சு 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தது அந்தப் பிரிவுகளில் வராது என்றது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் பி.ஆர். கவாய், அதே ஆண்டு மே மாதம் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர், நம்மில் ஒருவர். சாதி இந்து நீதிபதியின் தீர்ப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. சட்டத்தின் வார்த்தையே அப்படி இருக்கிறது.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அரசு அதிகாரிக்கே நாலு சுவர் இப்படி என்றால், வேலை கேட்டுப் போனவன் கதி என்ன? இன்டர்வியூ அறை என்றாலே நாலு சுவரும் சாத்திய கதவும்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்கும் பிரிவுகளைப் பற்றியது. வேலையைத் தடுப்பது பற்றிய பிரிவில் பொதுப் பார்வை என்ற நிபந்தனை கிடையாது. அந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதற்குள் போக வேண்டுமானால் சாதிதான் காரணம் என்று காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால் இன்றைய சாதி, பெயர் சொல்லி வருவதில்லை. 'எந்தத் தெரு' என்று வருகிறது. 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல்லை நீக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம்தான். ஆனால் கேட்கிறவனுக்குக் காலனி என்ற சொல் தேவையில்லை. தெரு, அப்பா தொழில், குலதெய்வம், மூன்றும் போதும். மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் விசாரிப்பு. சேர்த்துப் போட்டால் சாதிச் சான்றிதழ்.

2007-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லிப் பக்கம் பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கிற மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, திறமைதான் என்பதே பேச்சு. கூடவே, குடும்பப் பின்னணி கேட்போம், அது ரொம்ப முக்கியம் என்றும் சொன்னார்கள். ஒரே வாயில் இரண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் வேறு மாதிரி செய்தார்கள். பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரத்தில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசமில்லை, பெயரில்தான் வித்தியாசம். மேல்சாதிப் பெயருக்குக் கூப்பிட்டு அனுப்பும் வாய்ப்பு மூன்று பங்கு என்றால் தலித் பெயருக்கு இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு ஒரு பங்கு. இன்டர்வியூ அறை வாசலுக்குப் போவதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கு.

ஆனால் இந்த எண்ணிக்கை மொத்தமாக நடப்பதைத்தான் நிரூபிக்கும். இன்ன தேதியில், இன்ன அறையில், இவன் ஒருவனுக்கு நடந்ததை நிரூபிக்காது. கோர்ட் கேட்பது அந்த ஒன்றை.

*

அப்படியானால் வழக்கு எதற்கு? தோற்பதற்கா?

இங்கேதான் நான் யோசித்துப் பார்த்தேன். இன்டர்வியூ என்றால் என்ன? ஒரு பக்கம் கேள்வி கேட்கும். இன்னொரு பக்கம் பதில் சொல்லும். கேட்கிற பக்கம் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் 'சூட்டபிளா இல்லை' என்ற ஒரு சொல், அல்லது அதுகூட இல்லை. காரணம் சொல்லாமல் ஒதுக்கும் உரிமை, அதுதானே தீண்டாமை? என் பாட்டனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன் அதற்குக் காரணம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை.

வழக்கு என்றால் இந்த நாற்காலிகள் இடம் மாறுகின்றன. கேட்டவன் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

மகாத் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்ததை எல்லோரும் பேசுகிறோம். டிசம்பரில் சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியதையும், அந்த வழக்கு 1937 மார்ச் வரை நடந்ததையும் குறைவாகப் பேசுகிறோம். பத்து வருசம். கடைசியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர்கள் எதில் தோற்றார்கள்? தீண்டத்தகாதவர்களை விலக்கிவைப்பது நினைவுக்கெட்டாத காலம் தொட்டு வரும் வழக்கம் என்றார்கள். அதை நிரூபிக்க முடியவில்லை. காரணத்தைச் சொல் என்று கேட்டதும் கையில் ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்தது உரிமையைக் காட்டியது. அவர்களிடம் காரணம் இல்லை என்பதைக் காட்டியது வழக்கு.

இதே காரியம் வேலை விஷயத்தில் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. பெர்சி கிரீன் என்ற கறுப்பினத் தொழிலாளி, செயிண்ட் லூயிஸ் நகரத்தில் மெக்டொனல் விமானக் கம்பெனியில் மெக்கானிக். 1964-ல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறவெறிக்கு எதிராகப் போராடியவர். கம்பெனிக்குப் போகும் சாலையையே காரை நிறுத்தி மறித்தவர். 1965-ல் கம்பெனி மெக்கானிக் வேண்டும் என்று விளம்பரம் போட்டது, இவர் விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. வழக்கு 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றது. நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. ஒதுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர், வேலைக்குத் தகுதி உள்ளவர், விண்ணப்பித்தும் எடுக்கவில்லை, அதன் பிறகும் அதே தகுதிக்கு ஆள் தேடினார்கள்: இந்த நாலையும் அவர் காட்டினால் போதும். ஏன் எடுக்கவில்லை என்ற காரணத்தை முதலாளி சொல்ல வேண்டும். அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று காட்டத் தொழிலாளிக்கு இடமுண்டு.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? வழக்கு திரும்பக் கீழ்க் கோர்ட்டுக்குப் போனது. பெர்சி கிரீன் தோற்றுப்போனார். மறியலில் ஈடுபட்டதுதான் காரணம் என்று கம்பெனி சொன்னதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. அவருக்கு அந்த வேலை கிடைக்கவே இல்லை. ஆனால் அவர் பெயரில் வந்த விதியைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டாக அந்த நாட்டில் வழக்காடுகிறார்கள்.

நம்மிடம் அப்படி ஒரு விதி தனியார் வேலைக்கு இல்லை. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-லேயே சட்டம் போட்டார்கள். சாதிக்கு அப்படித் தனியாக, முழுமையாக ஒன்றைச் செய்யவில்லை. குற்றவியல் சட்டம்தான் இருக்கிறது. அதில் ஜெயிலுக்கு அனுப்பலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. காரணம் சொல்ல வைப்பது அதன் முதல் வேலையில்லை. யாராவது நாலு பேர் போய்க் கோர்ட் கதவைத் தட்டாமல் இது மாறாது. தட்டுகிற முதல் நாலு பேர் தோற்கவும் கூடும்.

அந்த நாலு பேரில் ஒருவனாக என் அக்கா மகன் இருக்க வேண்டுமா? கேள்வி இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

*

அதற்கு முன்னால் ஒரு நேர்மையான சந்தேகத்தையும் பார்த்துவிடுவோம். கூட்டாளி நேர்முகத்தில் இவனைவிட நன்றாகப் பேசியிருக்கக் கூடாதா? பேசியிருக்கலாம். எழுத்துத் தேர்வில் நாலாவதாக வந்தவன் நேரில் முதலாவதாக வரக் கூடாதென்று விதியில்லை. நாம் 'சாதி' என்று சொன்ன உடனே 'பொய் வழக்கு' என்று கூச்சல் போட ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். காரணம் இல்லாமல் தீர்ப்பெழுதியது அவர்கள் செய்த தப்பு. அதே தப்பை நாம் செய்ய வேண்டாம்.

ஆனால் சந்தேகம் இருந்தால் வாயை மூடிக்கொள் என்று அர்த்தமில்லை. கேள் என்று அர்த்தம். நேர்முகத்தில் யாருக்கு எத்தனை மார்க் என்று கேட்பது பழி போடுவதல்ல. பதில் அவர்களிடம் இருந்தால் காட்டட்டும்.

இனி கடமை விஷயம். போஸ்டர் போடலாம் என்ற தோழரோடு எனக்குச் சண்டையே வந்தது. "சமூகத்துக்காக அவன் நிக்கணும்" என்றார். நான் கேட்டேன், சமூகம் அவனுக்காக எத்தனை நாள் நிற்கும்? வாய்தாவுக்கு வாய்தா அவன் திருச்சிக்குப் போகிற பஸ் காசு யார் கொடுப்பது? வழக்கு நடக்கிற வருசங்களில் வேறு கம்பெனியில் இவன் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் அவன் வீட்டில் அரிசிக்கு என்ன வழி? அவன் அம்மாவை ஊர்க்காரன் எவனாவது களைக்குக் கூப்பிடாமல் விட்டால் நீங்கள் போய்க் கேட்பீர்களா? போஸ்டரில் அவன் முகத்தைப் போடுவோம், அடுத்த மாதம் வேறொரு முகம் வந்துவிடும். தியாகிகளைத் தயாரிப்பதில் நமக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. மேல்சாதிக்காரன் அவனைக் கேட்காமல் ஒதுக்கினான். நாம் அவனைக் கேட்காமல் முன்னே தள்ளுகிறோம்.

என் முடிவு இது. வழக்குப் போடுவது பாதிக்கப்பட்டவனின் உரிமை. அவனுடைய கடமை அல்ல. அடி வாங்கியவனிடமே, வாங்கிய அடிக்காக இன்னொரு சுமையைத் தூக்கு என்று யாரும் கட்டளையிட முடியாது. அவன் விலகிக்கொண்டால் கோழை என்று சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. 1994-ல் வாய் மூடிய எனக்குச் சுத்தமாக இல்லை.

ஆனால் அவன் உரிமையைச் செலவழிக்க முடிகிற நிலையில் வைப்பது நம் கடமை. வக்கீல்கள், வேலையில் இருப்பவர்கள், எழுதுகிறவர்கள், இந்த இதழைப் படிக்கிற மாணவர்கள், எல்லோருக்கும் அது உண்டு. செலவைப் பங்கு போட்டுக்கொள்ளாதவன் 'போராடு' என்று சொல்லக் கூடாது. அதே மாதிரி, செலவைப் பங்கு போட முன்வராதவன் 'ஜெயிக்கிற கேஸ் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகவும் கூடாது. ஜெயிக்காத கேஸாக அதை வைத்திருப்பதில் அவனுக்கும் பங்கிருக்கிறது.

பாதிக்கப்பட்டவனுக்கென்று ஒரே ஒரு கடமையை மட்டும் சொல்வேன். அதுவும் பிறருக்காக இல்லை, அவனுக்காகவே. 'நான் சரியாகப் பதில் சொல்லவில்லை' என்று பொய் சொல்லக் கூடாது. நடந்ததை நடந்தபடி, தேதி போட்டு, கேட்ட கேள்வியை வரிசையாக, அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். வழக்குப் போட்டால் அது ஆவணம். போடாவிட்டாலும், அடுத்த இன்டர்வியூ வாசலில் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். என்னிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் என் வாழ்க்கையில் சில வருசங்கள் வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூட்டாளி விஷயமும் இருக்கிறது. அவனைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா? அவனுக்கும் அது முதல் வேலை. அவனும் கடன் வாங்கிப் படித்தவன்தான். என் மருமகன் சொன்னான், "அவன் சொன்னதே பெரிசு மாமா. சொல்லாம இருந்திருக்கலாம்ல?" உண்மை. ஆனால் டீக்கடையில் சொல்வதும் கோர்ட்டில் சொல்வதும் ஒன்றல்ல. 'தெருவெல்லாம் கேக்கல' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு விலை என்பது அவனுக்கும் தெரியும். நண்பர்களாக இருக்கிற சாதி இந்து இளைஞர்கள் என்றைக்காவது பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நாம் கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது.

*

மூன்று நாள் பேசினோம். கடைசியில் அவன்தான் சொன்னான்: "மொதல்ல அவங்களைக் கேட்டுப் பாக்கலாம் மாமா. பதில் சொல்லட்டும். அப்புறம் கேஸைப் பத்தி யோசிக்கலாம்." 1955-ம் வருசச் சட்டத்தில் போவதானால் ஒரு வருசத்துக்குள் போக வேண்டும், ரொம்ப யோசிக்க முடியாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். வக்கீல் நண்பரும் இறங்கி வந்தார். பீஸ் வேண்டாம், கடிதத்தை நான் பார்த்துத் தருகிறேன் என்றார்.

நாலு கேள்வி எழுதினான். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்த எனக்கு நேர்முகத்தில் எத்தனை மார்க்? தேர்வானவருக்கு எத்தனை? நான் வசிக்கும் தெருவும் என் குலதெய்வமும் கணக்குப் பிரிவு வேலைக்கு எந்த விதத்தில் தேவை? இந்தக் கேள்விகளை வந்திருந்த எல்லோரிடமும் கேட்டீர்களா? அவ்வளவுதான். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. முப்பது நாளில் பதில் தேவை.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதுல அவன் பேரு வருமா?" என்றாள்.

"வரும்க்கா. அவங்க பேரும் வரும்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

உறையின் மேல் அனுப்புநர் முகவரி எழுதும்போது பையன் தன் பெயரை எழுதினான், உப்பிலியபுரம் என்று எழுதினான், பின்கோடு எழுதினான். பேனாவை மூடப் போனவன் ஊர்ப் பெயருக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் தெருவையும் நெருக்கி எழுதினான். காலையில் போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதை என்னிடம் கொடுத்தான். அதைத் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அடுத்து என்ன என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் 'கேஸ் போடுறேன் மாமா' என்று சொல்லிவிட்டால் கூட நிற்க எத்தனை பேர் இருக்கிறோம் என்பதைத்தான் அதற்குள் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.